ஓய்வின் பின் ஒரு மறுபரிசீலனை: ஜோன் டூயியின் 'அனுபவமும் கல்வியும்'

கல்விப் பேராசிரியர் ஒருவரின் பணியை மதிப்பிடுவோர், அவர் வகித்த பதவிகளையும் எழுதிய நூல்களையும் எண்ணிக் காட்டுவது வழக்கம். அவருடைய கருத்துக்கள் பிறர் கையிற் சென்று திரிபடைந்தபோது அவர் என்ன செய்தார் என்று வினவுவோர் சிலரே. அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜோன் டூயியை (1859–1952) அளப்பதற்கு இவ்வினாவே தக்க அளவுகோலாகும்.

1894 இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல், உளவியல், கல்வியியல் ஆகியன இணைந்த துறைக்குத் தலைமையேற்ற டூயி, 1896 இல் அங்கு ஆய்வுகூடப் பாடசாலையைத் தொடங்கினார். சமையல், நெசவு, தச்சுவேலை ஆகியவற்றினூடாகப் பிள்ளைகள் விஞ்ஞானத்தையும் வரலாற்றையும் அணுகினர். பாடசாலை நிர்வாகம் பற்றிய பிணக்கினால் 1904 இல் அவர் சிக்காகோவை நீங்கிக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தை அடைந்தார். 1916 இல் 'சனநாயகமும் கல்வியும்' வெளிவந்தது. 1930 இல் அவர் ஓய்வு பெற்றார்.

அதற்குள் அவர் பெயர் முற்போக்குக் கல்வி இயக்கத்தின் கொடியாகிவிட்டது. பாடநூலையும் ஆசிரியர் வழிகாட்டலையும் கைவிடுவதே சுதந்திரம் எனச் சில பாடசாலைகள் கருதின. 1938 இல் வெளியான 'அனுபவமும் கல்வியும்' என்ற சிறுநூல் இப்போக்கையே கண்டிக்கின்றது. பழைய கல்வியை மறுப்பதனால் மட்டும் புதிய கல்வி உருவாகிவிடாது என்பது அதன் அடிப்படை வாதம். அனுபவத்தைக் கல்வியின் அடித்தளமாகக் கொண்ட அவரே, சில அனுபவங்கள் மேலும் வளர்வதற்குத் தடையாகும் என எச்சரிக்கின்றார். தொடர்ச்சி, இடைவினை என்னும் இரண்டையும் அனுபவத்தின் தரத்தை அளக்கும் நியமங்களாக வகுக்கின்றார். தோட்டத்திற் பயிரிடும் மாணவன், அதிலிருந்து மண்ணையும் நீரையும் விதையையும் பற்றிய முறையான அறிவுக்குச் செல்லாவிடின், அத்தொழில் வெறும் பொழுதுபோக்கே. எனவே புதிய கல்வியில் ஆசிரியரின் பொறுப்புக் குறைவதில்லை, பன்மடங்கு பெருகுகின்றது.

நூலின் வலிமை இதுவே. குறையும் இங்கேயே தோன்றுகின்றது. பெருகிய பொறுப்பை ஆசிரியர் எச்சூழலில் நிறைவேற்றுவார் என்பதை டூயி விரிவாக ஆராயவில்லை. சிக்காகோப் பாடசாலையில் 1902 அளவில் ஏறத்தாழ 140 மாணவருக்கு 23 ஆசிரியர் இருந்தனர்; அதாவது ஆறு பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். நாற்பது பேர் நிறைந்த பொதுப் பாடசாலை வகுப்பிலே ஒவ்வொரு பிள்ளையின் அனுபவத்தையும் அறிந்து நெறிப்படுத்துவது எங்ஙனம்? இதற்கு விடை கூறாத கோட்பாடு தோல்வியுறும்போது, பழி கோட்பாட்டின்மீது விழுவதில்லை. வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர்மீதே விழுகின்றது.

ஆயினும், எழுபத்தெட்டு வயதில், எதிரணியினரைச் சாடிப் புகழ் காப்பது எளிதாயிருந்தும், தம் அணியினரின் தவற்றைச் சுட்டிய நேர்மை அரிது. சீடரின் பாராட்டிலும் உண்மையைப் பெரிதென மதித்த அந்நேர்மையே டூயியின் நீண்ட பணிக்கு நிறைவளிக்கின்றது.