பிரிந்தவர்களின் நட்பும் மீன் விலையும்

ஜெயகாந்தனின் 'ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்' நாவலில் ஒரு வக்கீல் வருகிறார். விவாகரத்து வேண்டும் என்று வந்தவனிடம் காரணம் கேட்கிறார். காரணம் இல்லை. அடி உதை இல்லை, மூன்றாவது ஆள் இல்லை. நாடக நடிகை கல்யாணியும் பத்திரிகைக்காரன் ரங்காவும் ஒருவரையொருவர் மதிக்கிறார்கள் என்பதுதான் அங்கே சட்டச் சிக்கலே. நாவல் வந்தது 1970களின் தொடக்கத்தில். இந்துத் திருமணச் சட்டத்தில் இருவரும் மனமொத்துப் பிரிவதற்கான 13-பி பிரிவு 1976இல்தான் சேர்ந்தது. (1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் அது முதலிலிருந்தே உண்டு. அதன் கீழ்க் கட்டிக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கதை.) அதுவரை பெரும்பாலும் ஒருவர் குற்றவாளியாக வேண்டும், மற்றவர் அதைச் சொல்ல வேண்டும். குற்றம் சொல்லாமல் பிரிய விரும்புகிறவர்களுக்கு நீதிமன்றத்தில் மொழி கிடையாது. இந்த மொழியின்மைக்குள் இரண்டு பேரைக் கொண்டுபோய் நிறுத்தியது ஜெயகாந்தனின் சாமர்த்தியம். அவருடைய பிரசங்கத் தொனி பிடிக்காத என் போன்றவர்களும் இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நாவலின் நல்ல பகுதி நடுவில் இருக்கிறது. ஒரே ஊரில் தனித்தனியாக இருக்கிறார்கள், பார்த்துக்கொள்கிறார்கள், பேசிக்கொள்கிறார்கள். சேர்ந்திருந்தபோது பேச முடியாததையெல்லாம் பிரிவைப் பற்றிப் பேசுகிற சாக்கில் பேசுகிறார்கள். கணவன் - மனைவி என்ற உறவுக்குள் அடைபட்டிருந்த இரண்டு தன்னிலைகள் அதிலிருந்து வெளியே வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக முகம் கொள்கின்றன. தமிழ் நாவலில் இது அபூர்வம். நமக்கு ஊடல் தெரியும், பிரிவு தெரியும், கைவிடல் தெரியும். பிரிந்தபின் சிநேகிதம் என்பதற்கு அகத்திணையில் துறை ஏது?

ஆனால் இந்த நட்பில் வளர்கிறவர் யார்? ரங்காதான். தன் பொறாமையை, தான் அவளுக்குத் தேவைப்படவில்லை என்கிற ஆண் புண்ணை அவன் மெல்லக் கண்டுகொள்கிறான். கல்யாணி முதல் பக்கத்திலிருந்தே முழுமையானவள். அவளுக்கு வளர இடமே விடப்படவில்லை. பெண் பள்ளிக்கூடம், ஆண் மாணவன். மாணவன் தேறிய பிறகு பள்ளிக்கூடத்தை என்ன செய்வது? கதாசிரியர் அவள் கால்களை எடுத்துவிடுகிறார். நோயில் நடக்க முடியாமல் போகிறாள் கல்யாணி. ரங்கா திரும்பி வருகிறான். சிநேகிதம் சிசுருஷையாகி, சிசுருஷை மறுபடி தாம்பத்தியமாகிறது. 1978இல் பீம்சிங் எடுத்த படத்தில் லட்சுமியும் ஸ்ரீகாந்தும் நடித்து, இந்த முடிவு நம் நடுத்தர வர்க்கத்தின் கண்களில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. பிரிந்த இருவரின் நட்பு தன் காலில் நிற்கும் என்று நம்ப ஜெயகாந்தனுக்கே தைரியம் வரவில்லை. அதனால்தான் அவள் கால் போயிற்று என்பது என் வாசிப்பு.

இது ஒரு நாவலின் விபத்து என்று விட்டுவிட முடியாது. 'சில நேரங்களில் சில மனிதர்க'ளில் பிரபு மனிதனாகிறான், கங்கை குடிக்கப் பழகுகிறாள். 'கங்கை எங்கே போகிறா'ளில் அவள் ஆற்றோடு போகிறாள். (பிரபுவைத் 'துணை' என்று சொல்வதே கொடுமை என்பதும் தெரியும். நாவல் அவனை மெல்ல மெல்ல அந்த இடத்துக்குக் கொண்டுபோவதுதான் பிரச்சினை.) பின்னோக்கிப் போனால் கோவலனிடம் வந்து நிற்கலாம். மதுரைக்குப் போகிற வழியில் கோசிகன் கொண்டுவந்த மாதவியின் ஓலையைப் படித்தபோதுதான் அவள்மேல் குற்றமில்லை, குற்றம் தன்னுடையது என்று அவனுக்கு உறைக்கிறது. சிலம்பு முழுவதிலும் கோவலன் வளர்கிற இடம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். அது விட்டுவந்தவளின் எழுத்தால் நடக்கிறது. அடுத்து அவன் செய்வதைக் கவனியுங்கள். அந்த ஓலையின் வாசகம் தன் பெற்றோருக்கும் பொருந்துகிறது என்று சொல்லி அதையே அவர்களுக்குக் கொடுத்தனுப்பிவிடுகிறான். மாதவிக்குப் பதில் இல்லை. அவளிடம் கற்றான், கற்றதை அவளுக்குச் சொல்லவில்லை.

மாற்று மரபு நமக்கு இல்லையா? உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, ஆணுக்கும் பெண்ணுக்கும் திருமணத்தை ரத்து செய்துகொள்ளும் உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. பெரியார் அதற்குக் 'கல்யாண விடுதலை' என்று பெயரிட்டு எழுதினார். அந்தச் சொல்லில் உள்ள 'விடுதலை'யை இன்றைக்கும் நாம் சரியாக வாசிக்கவில்லை. 1967இல் அண்ணாவின் ஆட்சி கொண்டுவந்த 7-ஏ பிரிவு, உறவினரோ நண்பரோ வேறு நபரோ முன்னிலையில் செய்துகொள்ளும் திருமணம் செல்லும் என்றது. சேரும்போது நண்பர்கள் சாட்சி. பிரியும்போது நீதிபதிதான், வேறு யாருமில்லை.

இங்கேதான் 'அறுத்துக் கட்டுற சாதி' என்ற வசவை நினைத்துக்கொள்கிறேன். மேல்சாதி வாயில் அது இழிவு. உழைக்கும் சாதிகள் பலவற்றில் எந்தச் சட்டமும் வருவதற்கு முன்பே ஊர்ப் பஞ்சாயத்தில் பேசித் தீர்த்துக்கொண்டு பிரிவதும், மறுபடி கட்டிக்கொள்வதும் நடந்துகொண்டிருந்தன. 1955ஆம் ஆண்டுச் சட்டமும் 29(2)இல் வழக்காற்று மணவிலக்கைத் தொடாமல் விட்டது. அப்படியானால் பிரிந்தபின் நட்பு என்பதைப் படித்தவர்களின் 'பக்குவ'மாக, தனிமனித சாதனையாகப் பேசுகிற நம் விமர்சனம் எவ்வளவு பெரிய அனுபவத்தை வாசிக்காமல் விட்டிருக்கிறது!

கல்யாணி கதையை நான் காட்டுப்பள்ளிப் பக்கத்து மீனவக் குப்பம் ஒன்றில் ஓர் அக்காவிடம் சொன்னேன். கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், வடக்கே பழவேற்காடு ஏரி, தெற்கே எண்ணூர் முகத்துவாரம். நடுவில் கிடக்கிற மணல்திட்டில், பிரிந்தவர்கள் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் வாழ வழி கிடையாது. நகரத்தில் பிரிந்தவரோடு சிநேகிதம் என்பது விருப்பம். இங்கே அது நிலவியல். அக்கா புருஷனைத் தீர்த்துவிட்டுப் பல வருஷமாகிறது. அந்த ஆள் பிடித்த மீனை இப்போதும் அக்காதான் வாங்கிக் கூடையில் கொண்டுபோய் விற்கிறார். கதையைக் கேட்டுவிட்டு அவர் சொன்னது:

"கால் வெளங்காம போன பொறவுதான தம்பி வந்தான்? அதுக்குப் பேரு சிநேகிதமா?"

அவர்களுக்குள் இப்போது என்ன என்று கேட்டேன்.

"அவன் மீனு குடுக்குற ஆளு, நான் காசு குடுக்குற ஆளு. கட்டியிருந்தப்போ மீன வீசிட்டுப் போயிடுவான். நான் எவ்ளோக்கு வித்தேன், எவ்ளோ தூரம் நடந்தேன், ஒண்ணும் கேட்டதில்ல. துட்டு மட்டும் எடுத்துக்குவான். இப்போ வெல கேக்குறான். நானும் சொல்றேன். கம்மின்னா சண்ட போடுறான். போடட்டும். அப்பல்லாம் சண்ட வேற மாதிரி இருக்கும்."

இதைவிடத் தெளிவாக இந்த விஷயத்தை நான் எந்தப் பிரதியிலும் வாசித்ததில்லை. மனைவியாக இருந்தபோது அக்காவின் உழைப்புக்கு விலை இல்லை. அது கடமை, அது குடும்பம். பிரிந்த பிறகுதான் அந்த உழைப்பு கண்ணுக்குத் தெரிகிற பொருளாகிறது. அதைப் பற்றி இருவரும் பேச வேண்டியதாகிறது. அவன் கேட்கக் கற்றுக்கொண்டான். அக்கா கணக்குச் சொல்லவும், 'முடியாது' என்று சொல்லவும் கற்றுக்கொண்டார். இரண்டு பக்கமும் வளர்ச்சி இருக்கிறது. கல்யாணிக்குக் கிடைக்காதது இது.

இதில் ஒரு தோழருக்கு ஆட்சேபம். மனித உறவைச் சரக்குறவாக்குவதைப் போய்க் கொண்டாடுகிறாயே, மார்க்ஸை மறந்துவிட்டாயா என்றார். மறக்கவில்லை. குடும்பத்துக்குள் கூலியில்லாமல் உறிஞ்சப்படுகிற உழைப்பைப் பற்றிப் பெண்ணியவாதிகள் மார்க்ஸியர்களிடம் கேட்ட கேள்வியையும்தான் மறக்கவில்லை. விலை பேசுவது அன்புக்கு எதிர்ப்பதம் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? சம்பளக் கவர் வருகிற வீட்டு ஒழுக்கம் அது. ஏலத்தில் வளர்ந்தவர்களுக்கு விலை சொல்வது முகம் கொடுத்துப் பேசுவது. கல்யாணியையும் இப்படித் திருப்பி வாசிக்கலாம். அவளுக்குத் தொழில் இருக்கிறது, வீடு இருக்கிறது, ரோஜாத் தோட்டம் இருக்கிறது. நடுப்பகுதி நட்பு சாத்தியமானது அந்தத் தரையில்தான். அவள் ஆத்மாவின் கம்பீரத்தைப் பாடுகிறவர்கள் அவள் வருமானத்தைப் பாட மறந்துவிடுகிறார்கள்.

குப்பத்தை ஆதி சமத்துவ பூமியாக்கவும் எனக்கு உத்தேசமில்லை. பழவேற்காடு ஏரியில் மீன்பிடிக்கும் இடங்களை முறைவைத்துப் பகிர்கிற 'பாடு' முறையை ஆய்வாளர்கள் வியந்து எழுதுகிறார்கள், வியக்க வேண்டியதுதான். ஆனால் பங்கு தலைக்கட்டுக்கு. தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண். பாடு உரிமை இந்த வட்டாரத்தில் பட்டினவர் கையில். கழிமுகத்தில் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர்களுக்கு அந்தக் கணக்கிலேயே இடமில்லை. பிரிந்த பெண்ணுக்கும் இல்லை. அக்காவைத் தீர்த்துவிட்ட பஞ்சாயத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் ஆம்பளைகள். அவன் மீன் தராமல் வேறு ஆளுக்குப் போட்டால் அக்காவுக்குப் பிடிமானம் கிடையாது. அவர்கள் நட்பில் சமத்துவம் விலை பேசும் நேரத்துக்கு மட்டும்தான்; தண்ணீருக்குள் அது போகவில்லை. இதைச் சொன்னதற்கு அக்கா சிரித்துவிட்டு, "தண்ணியில எங்கள யாரு எறக்குனா?" என்றார்.

இப்போது தண்ணீரே கேள்வியாக இருக்கிறது. காட்டுப்பள்ளிக் குப்பத்தை இடம் மாற்றிவிட்டுத்தான் எல் அண்ட் டி கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் வந்தன. 2013இல் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. 2018இல் அதானி குழுமத்திடம் போயிற்று. சுமார் 330 ஏக்கரை 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டத்துக்கு 2021இலும் 2023இலும் அறிவிக்கப்பட்ட கருத்துக்கேட்புக் கூட்டங்கள் எதிர்ப்புக்கு நடுவில் தள்ளிவைக்கப்பட்டன. நிலமெடுப்பு என்று வந்தால் இழப்பீடு குடும்பக் கணக்கில்தான் வரும். 2013ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டம் 'குடும்பம்' என்பதை வரையறுக்கும்போது விதவைகளையும், மணவிலக்குப் பெற்றவர்களையும், கைவிடப்பட்ட பெண்களையும் தனிக் குடும்பமாகக் கொள்ளச் சொல்கிறது. நல்ல வாசகம், போராடிப் பெற்றதும்கூட. ஆனால் அக்காவிடம் கோர்ட்டுக் காகிதம் கிடையாது. பஞ்சாயத்தில் வாயால் தீர்த்தது. வழக்காறு செல்லும் என்று 29(2) சொன்னாலும், அதை நிரூபிக்கிற பாரம் அவர் தலையில். 'கைவிடப்பட்டவள்' என்று எழுதிக் கொடுக்கலாமே என்று அவருக்கு யோசனை சொன்னவர்கள் உண்டு.

"யாரு யார கைவிட்டது? காலைல கூட மீனு குடுத்தானே" என்கிறார் அக்கா.

ஜெயகாந்தனின் வக்கீல் கேட்ட காரணத்தை இனி கிராம நிர்வாக அலுவலர் கேட்பார். அவர் கையில் உள்ள படிவத்தில் இவர்கள் இருவரையும் எந்தக் கட்டத்தில் எழுதுவது?