பல குரல், ஒரு பொருள்

ஐரோப்பிய இசை வரலாற்றில் ஏறத்தாழ 1600 முதல் 1750 வரையிலான காலத்தைப் பரோக் காலம் என்பர். அக்காலத்துச் சேர்ந்திசைப் படைப்புகள் பல, அவற்றைத் தோற்றுவித்த சூழல் மறைந்த பின்னும் அரங்குகளில் பாடப்பெறுகின்றன. சமயப் பற்றே இதற்குக் காரணம் என்று கூறி அமைவது எளிது. ஆயினும், அச்சமயத்தைச் சாராதாரும் அம்மொழிகளை அறியாதாரும் அரங்கை நாடி வருவதை அவ்விடை விளக்காது. காரணத்தை இசையின் அமைப்பிலேயே தேடல் வேண்டும்.

ஹேண்டல், செபாஸ்டியன் பாக் ஆகிய இருவரும் 1685இல் ஜெர்மானிய மண்ணில் பிறந்தோர். ஹேண்டலின் 'மெசையா' 1742இல் டப்ளின் நகரத்து இசைமண்டபமொன்றில், அறப்பணிக்கு நிதி திரட்டும் கச்சேரியாகவே அரங்கேறியது. பாக் இயற்றிய 'மத்தேயு பாடுகள்' தேவாலய வழிபாட்டுக்கென எழுந்தது. அவர் 1750இல் மறைந்த பின் நெடுங்காலம் ஒலிக்காது கிடந்த அதனை, 1829இல் இருபது வயது இளைஞரான மெண்டல்சன் பெர்லினில் கச்சேரியாக நடத்தி மீட்டார். வழிபாட்டினின்று பிரிந்தும் வாழவல்லது அவ்விசை என்பதற்கு இது தக்க சான்றாகும்.

அவ்வாற்றல் யாது? நம் கும்மியை எண்ணிப் பாருங்கள். ஒருத்தி ஓரடியைப் பாடி முடிப்பாள்; மற்றையோர் அதனைத் திருப்பிப் பாடுவர். பரோக் சேர்ந்திசையின் 'ஃபியூக்' அமைப்பிலோ, முதற்குரல் கருமெட்டைப் பாடியதும் இரண்டாங்குரல் அதனை வேறொரு சுருதி நிலையில் ஏற்கும். முதற்குரல் ஓய்ந்துவிடாது, அதனோடு இயைந்த பிறிதொரு மெட்டைத் தொடரும். மூன்றாம் குரலும் நான்காம் குரலும் இவ்வாறே வந்து சேரும். ஒன்று மற்றொன்றுக்குப் பக்கத்துணை ஆகாமல், ஒவ்வொன்றும் தனித்தியங்கும் மெட்டாகவே நிற்கும்.

சொற்கள் சிலவே, அவையும் மீண்டும் மீண்டும் வருகின்றனவே என்று இலக்கியம் பயின்றோர் குறை கூறக்கூடும். 'மெசையா'வின் அல்லேலூயாப் பகுதி விரல்விட்டு எண்ணத்தக்க சொற்களால் ஆனதே. ஆனால் கருநாடக இசையின் நிரவலில், பாடகர் ஒரே அடியைப் பற்றிக்கொண்டு, தாளத்தில் சொல் நிற்கும் இடம் பெரிதும் மாறாமல் மெட்டை விரித்துச் செல்வதை நாம் குறையாகக் கொள்வதில்லை. நிரவல் ஒரு குரலில் அடுத்தடுத்து விரிப்பதைச் சேர்ந்திசை பல குரல்களில் ஒருங்கே விரிக்கிறது எனலாம்.

இதன் கவர்ச்சி ஓசைப் பெருக்கில் இல்லை. 1784இல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் நடந்த ஹேண்டல் நினைவு விழாவில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். அத்தகைய பெருங்கூட்டத்தில் கம்பீரம் மிகும், இழைகளோ மங்கும். இருபதாம் நூற்றாண்டில் சிறு குழுக்கள் பழைய முறைக்குத் திரும்பியபோதே இழைகள் மீண்டும் தெளிவுற்றன.

தமிழர்க்கு இம்மரபு முற்றும் அயலானதன்று. ஹேண்டல் பிறந்த ஹாலே நகரில் கல்வி பயின்ற சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடி வந்தார். பாக் தம் படைப்புகளில் கையாண்ட லூத்தரன் இசைமரபின் மெட்டுகளில், அவர் வாழ்ந்த காலத்திலேயே தமிழ்ச் சொற்கள் பாடப்பெற்றன. 1893இல் தோன்றிய சென்னை மியூசிக்கல் அசோசியேஷனின் பாடற்குழுவை நடத்தியவருள் ஒருவர் பெயரே ஹேண்டல் மேனுவல். 1988இல் மறைந்த எம். பி. சீனிவாசன், பாரதியின் பாடல்களைச் சேர்ந்திசையாக்கி, தமிழ்ச்சொல் பல குரல்களில் சிதையாது நிற்கும் என்பதை மெய்ப்பித்தார்.

கோலா தெர்லா போன்ற மலைத்தோட்ட ஊர்களில் நாம் அறிந்த கூட்டுப்பாடல் பெரும்பாலும் பஜனையே. அனைவரும் ஒரே மெட்டில் கரையும் அவ்வனுபவத்துக்கு ஒரு பெருமை உண்டு. அல்லேலூயாப் பகுதியிலும் குரல்கள் அனைத்தும் ஒரே மெட்டில் இணையும் இடம் வருகிறது. தனித்தனியே இயங்கிய குரல்கள் கூடுவதால் அவ்விணைப்பு வலிமை பெறுகிறது. பள்ளி விழாவுக்கு ஒரு பாடலைப் பழக்கும் ஆசிரியர், மாணவரை இரு பிரிவாக்கி இரண்டு மெட்டுகளில் பாடச் செய்து பார்க்கலாம். தன் குரலை இழக்காமல் பிறர் குரலைக் கேட்கும் பயிற்சியை அம்மாணவர் பெறுவர். மூன்று நூற்றாண்டுகளாக இவ்விசை கேட்போரை ஈர்த்து வருவதும் அப்பயிற்சியின் இன்பத்தாலேயே ஆகும்.