பச்சைக்கல் பதக்கமும் கூடவே வந்த அட்டையும்

ஆறு வருஷத்துக்கு முன்னால் இந்தத் தளத்தில் மாவோரி மக்களின் கழுத்துப் பதக்கங்கள் பற்றி ஒரு பதிவு போட்டேன். ஒரு பக்கம் வடிவம், எதிர்ப் பக்கம் அர்த்தம். 'கோரு' என்ற சுருள்: புதிய தொடக்கம். முறுக்கு: பிரியாத உறவு. தூண்டில் முள்: கடல் பயணத்தில் பாதுகாப்பு. நான் எழுதியதிலேயே அதிகம் பகிரப்பட்டது அதுதான். இப்போதும் யாராவது வாட்ஸப்பில் எனக்கே அதை அனுப்பி வைக்கிறார்கள். நீக்கிவிடலாமா என்று யோசித்தேன். அதைவிட, அதில் என்ன கோளாறு என்று எழுதுவதுதான் நியாயம்.

அந்த அட்டவணையை எங்கிருந்து எடுத்தேன் என்பதில் இருந்தே தொடங்கலாம். சித்தி பையன் ஆக்லாந்தில் இருந்து வரும்போது எனக்கு ஒரு பச்சைக்கல் பதக்கம் வாங்கி வந்தான். பெட்டிக்குள் ஒரு சின்ன அட்டை. அதைத்தான் விரித்து எழுதினேன். ராசிக்கல் கடையில் மாட்டியிருக்கும் பலகையை ஆராய்ச்சி நூல் என்று நம்புகிற மாதிரி ஒரு வேலை.

அட்டையில் முதல் இடம் முறுக்குக்கு. இரண்டு இழை ஒன்றையொன்று சுற்றிப் போய் முடிவில்லாமல் சேரும் வடிவம். 'தொன்மையான சின்னம்' என்று போட்டிருந்தது. ஆனால் ஐரோப்பியர் வருவதற்கு முந்தைய பதக்கங்களில் இந்த வடிவத்தைக் காணோம். இது இருபதாம் நூற்றாண்டில் பரவியது. ஏன் என்பதற்குக் கல்லே பதில் சொல்லும். பொனாமு என்று மாவோரிகள் சொல்லும் இந்தக் கல் பெரும்பாலும் நெஃப்ரைட். அதன் நார்கள் கோரைப்பாய் மாதிரி ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடப்பதால் தட்டினால் உடையாது, செதுக்கவும் வராது. தேய்த்துத்தான் உருவாக்க முடியும். இரும்பு இல்லாத காலத்தில் மணற்கல்லால், தண்ணீர் விட்டு விட்டு, நாள்கணக்கில் அறுத்தார்கள். கயிறு சுற்றிய துளைக்கருவியால் ஓட்டை போட்டார்கள். அந்தக் கருவிகளோடு ஒரு இழைக்கு அடியில் இன்னொரு இழையைக் குடைந்து கொண்டுபோவது ஆகிற காரியமா? வைரத்தூள் பூசிய சுழல்கருவி வந்தபிறகு அது சுலபமாகிவிட்டது.

புதுசு என்பதால் அது போலி என்று நான் சொல்லவில்லை. இன்றைய மாவோரிச் சிற்பிகள் புது வடிவம் படைக்கக்கூடாதா என்ன? என் சண்டை 'தொன்மையான' என்ற அந்த ஒரு சொல்லோடுதான்.

பழைய பதக்கங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தவை எந்த அட்டையிலும் இருக்காது. 'குரு' என்று ஒன்று. நம்ம குரு இல்லை. நீளமான, நேரான, சும்மா ஒரு கோல், காதில் தொங்கவிடுவது. அதுவே நுனியில் லேசாக வளைந்தால் 'கபெயு'. செதுக்கல் கிடையாது, முகம் கிடையாது. கல்லின் நிறமும் அதில் புகுந்து வரும் வெளிச்சமும் மட்டும். இதற்கு ஒற்றை வரியில் என்ன அர்த்தம் எழுதுவது? அதனால்தான் விட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஹெய் டிகிக்கு வருவோம். தலையைச் சாய்த்து, கண்ணை உருட்டி நிற்கும் மனித உருவம். 'வளமைச் சின்னம்' என்று நானும் எழுதினேன். பிரசவத்தோடு தொடர்புடைய ஹினெதெஇவைவா என்ற தெய்வத்தோடு சேர்த்துச் சொல்வதுண்டு. முன்னோரின் நினைவு என்றும் சொல்வதுண்டு. இதைவிட முக்கியமான விஷயம், அது யாருடைய கழுத்தில் இருந்தது என்பது. தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த டிகியைக் கீழே வைத்து, அதை அணிந்திருந்தவரை நினைத்து உறவினர்கள் அழுததைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே போன ஐரோப்பியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த அழுகை 'வளமை'க்காக இல்லை, ஓர் ஆளுக்காக. அச்சடித்த அட்டையில் அந்த ஆளின் பெயருக்கு இடமே இல்லை. என் பதிவிலும் இல்லை.

டிகியின் பிந்தைய கதை இன்னும் சுவாரசியம். இரும்புக் கோடரி வந்ததும் கல் கோடரிக்கு வேலை போயிற்று. டிகி வாங்க ஐரோப்பியர் தயாராக இருந்தார்கள். பழைய கோடரித் தகடுகள் பல டிகியாக மாறின. பிறகு பொனாமு ஜெர்மனியின் இடார்-ஓபர்ஷ்டைன் என்ற கல் பட்டறை ஊருக்குக் கப்பலேறி, அங்கே டிகியாகத் தேய்க்கப்பட்டு நியூசிலாந்துக்கே திரும்பி வந்து விற்றது. 1960களில் விமானப் பயணிகளுக்குப் பச்சைப் பிளாஸ்டிக் டிகி இனாமாகக் கொடுத்தார்கள். இத்தனையும் அதே 'சின்னம்' தான்.

இதற்கு நேர் எதிரான காட்சி 1984இல் நடந்தது. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் 'தெ மாவோரி' கண்காட்சி. பொருள்களை அனுப்ப அந்தந்தக் குலத்தாரின் சம்மதம் கேட்கப்பட்டது. பெரியவர்கள் கூடவே போய் விடியற்காலைச் சடங்கோடு திறந்து வைத்தார்கள். பெட்டியில் இருந்தவை அவர்களுக்கு உறவுமுறை உள்ளவை, வெறும் மாதிரிகள் இல்லை.

(நியூசிலாந்து என்றாலே நம் ஆட்கள் உடனே 'தமிழ் மணி'யைக் கொண்டுவருவார்கள். அந்த மணியில் மாவோரிகள் கிழங்கு வேக வைத்ததைச் சொல்லிச் சிரிப்பதும் உண்டு. அவர்கள் பொருளை நாம் சாவிக்கொத்தில் மாட்டுவது மட்டும் நமக்குச் சிரிப்பாக வருவதில்லை.)

கல்லின் வகைகளையும் நான் நிறத்தை மட்டும் வைத்து எழுதினேன். அவர்கள் பெயர் வைத்திருக்கும் அழகைப் பாருங்கள்: கரும்பச்சைக்கு ஒரு செடியின் இலைப் பெயர், கவகவ. வெளிறிய சாம்பல் பச்சைக்கு ஒரு பொடி மீனின் பெயர், இனங்கா. கண்ணாடி மாதிரி ஒளி விடும் டாங்கிவை கனிமப்படி நெஃப்ரைட்டே இல்லை, போவனைட். ஆனாலும் பொனாமுதான். அந்தப் பெயரில் கண்ணீர் இருக்கிறது. மில்ஃபோர்டு பகுதியில் கணவன் மனைவியரைத் தேடிப்போய் அழுத கதையோடு சேர்ந்தது.

தெற்குத் தீவின் இயற்கைப் பொனாமு 1997இல் ஒரு சட்டத்தின் மூலம் ஙாய் டாஹு குலத்தாருக்கே திருப்பித் தரப்பட்டது. அவர்கள் சான்றளிக்கும் கல்லுக்கு ஒரு குறியீட்டு எண் உண்டு. அதை வைத்து அது எங்கே எடுக்கப்பட்டது என்று பார்க்கலாம். கடைகளில் கனடாவிலும் சீனாவிலும் இருந்து வந்த நெஃப்ரைட்டும் நிறைய விற்கிறது.

இதைப் படித்தபிறகு என் பதக்கத்தின் பெட்டியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எண் எதுவும் இல்லை. செதுக்கியவர் பெயரும் இல்லை. சித்தி பையனுக்கு ஃபோன் போட்டேன். "கடைக்காரர்கிட்ட எதுவும் கேக்கலண்ணே, அட்டைல எல்லாம் போட்டிருந்துச்சே" என்றான். பழைய பதிவின் தலையில் இந்தப் பதிவின் இணைப்பைப் போட்டிருக்கிறேன்.