உப்புத் தண்ணீரில் ஒரு பரீட்சை

மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிய தெருவில் உவர்க்கும் கிணற்று நீரை ஒரு வாளி இறைத்து, விலை கூடிய 'இயற்கை' சோப்பைக் கரைத்துப் பாருங்கள். நுரைக்குப் பதிலாக, பால் திரிந்தது போல வெள்ளைத் திப்பி மிதக்கும். தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பைக் கரையாத கசடாக்கிவிடுகின்றன. சாதாரண உப்பும் சும்மா இருப்பதில்லை. சோப்புக் காய்ச்சுகிறவர்கள் அண்டாவிலிருந்து சோப்பைத் தனியே திரள வைக்கப் போடுவதே உப்பைத்தான். அங்கே அண்டாவில் நடப்பது இங்கே வாளியில் நடக்கிறது. நுரைக்காத சோப்பை இரண்டு மடங்கு தேய்த்து, மூன்று வாளி ஊற்றி அலசினால் மிச்சப்படுவது என்ன? தேங்காய் எண்ணெய் சோப்பு மட்டும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். கடல்நீரில் குளித்த மாலுமிகளுக்கு அதுதான் சோப்பு.

ஆகவே பாக்கெட் ஷாம்புவை வாங்குகிறவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று திட்டுவது அநியாயம். செயற்கை நுரைப்பான் உப்பு நீரிலும் நுரைக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பாக்கெட் பிறந்ததும் இதே கடற்கரையில், தெற்கே கடலூரில். சின்னி கிருஷ்ணன் தொடங்கிவைத்ததை, அவர் மகன் ரங்கநாதன் 1983-இல் சிக் ஷாம்புவோடு ஊர் ஊராகக் கொண்டுபோனார். உள்ளிருக்கும் ஷாம்புவை விட உறைதான் பெரிய குற்றவாளி. பல அடுக்குகளை ஒட்டிச் செய்த அதை மறுசுழற்சிக்கு எடுப்பாரில்லை.

இந்தத் தண்ணீருக்கு உண்மையான மாற்று பூந்திக்கொட்டையும் சீயக்காயும்தான். அவற்றின் நுரை சப்போனினால் வருவது. சோப்பைப் போல அது கால்சியத்தோடு சேர்ந்து திரிவதில்லை. தலைக்கும் பட்டுக்கும் போதும், எண்ணெய்ப் பிசுக்கேறிய வேட்டிக்குப் போதாது. ஆனால் விளம்பரங்கள் சொல்லாத ஒன்று உண்டு. சப்போனின் மீன்களுக்கு நஞ்சு. அது நிறைந்த காய்களை நசுக்கிக் குட்டையில் கலந்து மீன் பிடிப்பது பழைய தந்திரம். மரக்காணத்தை ஒட்டிய கழுவெளி ஏரி 2021-இல் பறவைகள் சரணாலயமாகி, 2024-இல் ராம்சர் பட்டியலிலும் ஏறியது. மீனுக்காகத்தானே அங்கே பறவை வருகிறது? அலசிய நீரைத் தென்னையடியில் விட்டால் மண் அதைச் சிதைத்துவிடும். நேரே ஓடையில் விட்டால் 'இயற்கை' என்ற சொல் மீனைக் காப்பாற்றாது.

மஞ்சப்பைக்கு வருவோம். தமிழகம் 2019-இல் ஒருமுறை பயன்படுத்தி வீசும் பிளாஸ்டிக்கைத் தடை செய்தது, 2021-இல் 'மீண்டும் மஞ்சப்பை' என்றது. இரண்டும் சரி. ஆனால் டென்மார்க் அரசின் 2018 ஆய்வுக் கணக்கில், ஒரு பருத்திப் பை புவி வெப்பமாதலில் மட்டும் பிளாஸ்டிக் பையை ஈடுகட்டவே 52 முறை பயன்பட வேண்டும். எல்லாப் பாதிப்புகளையும் சேர்த்தால் 7,100 முறை. பிந்தைய எண் ஓசோன் படலச் சிதைவுக் கணக்கால் ஊதிப்போனது என்பதால் அதை அப்படியே ஏற்கமாட்டேன். முந்தையது போதும். கல்யாண வீடுதோறும் ஒரு புதுப் பை கொடுப்பது பசுமையல்ல. கிழிந்த வேட்டியில் தைத்த பைக்கு நிகரில்லை.

மாதவிடாய்த் துணிக்கும் தண்ணீரே நீதிபதி. பக்கத்து ஆரோவில்லில் ஈக்கோ ஃபெம் என்ற நிறுவனம் 2010 முதல் துவைத்துப் பயன்படுத்தும் துணி அணையாடைகளைச் செய்கிறது. நல்ல தண்ணீரும் நல்ல வெயிலும் இருந்தால் அவை சிறந்தவை. நல்ல தண்ணீரைக் குடக்கணக்கில் வாங்கும் வீட்டில் அவற்றைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது. அங்கே சிலிக்கோன் மாதவிடாய்க் கப் மேல். கழுவவும் கொதிக்க வைக்கவும் ஒரு செம்பு நீர் போதும்.

உப்பால் பல் தேய்ப்பதை உப்பு விளையும் ஊரிலும் ஒப்புக்கொள்ள முடியாது. கல்லுப்பு எனாமலை உரசும், பல்லுக்கு வேண்டிய ஃபுளோரைடும் அதில் இல்லை. பித்தளைக் குடத்துக்குப் புளியும் உப்பும் போல இன்னொன்று கிடையாது. உப்பு அங்கேயே இருக்கட்டும்.

இயற்கை சோப்பு விற்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உறையில் பச்சை இலைப் படம் போதும். கீழே ஒரு வரி சேருங்கள்: இது உப்புத் தண்ணீரில் நுரைக்குமா, நுரைக்காதா?