கணுவில் பிரியும் பச்சை

தண்டில் சாறு ஏறும் வழியைக் காட்டும் சாயங்களில், யூவி ஒளியில் பச்சையாக ஒளிரும் யுரேனினை நான் சிவப்புச் சஃப்ரானினுக்கு மேலே வைப்பது பன்னீர் திராட்சைக் கொடியின் கணுவைப் பார்த்த பிறகுதான். சஃப்ரானின் குழாய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். சாறு அதைத் தாண்டி எப்போதோ போயிருக்கும். அந்தச் சிவப்பு நாள்பட நிலைக்கும் என்பார்கள் அதன் பிரியர்கள். உண்மைதான். ஆனால் சாற்றோடு கூடவே நடப்பது யுரேனின்.

உத்தமபாளையம் பக்கத்துப் பந்தலில் இலை நிறைந்த கொடி ஒன்றுக்குச் சாயம் ஏற்றி, கணுவைச் சீவி, யூவி டார்ச்சில் பாருங்கள். கட்டை மங்கிய நீலம், பட்டையின் பச்சையம் சிவப்பு, நடுவே குழாய்கள் மட்டும் பச்சை. ஒரு கிளை இலைக்கும் இன்னொன்று எதிர்ப்பக்கத்துச் சுருளுக்கோ குலைக்கோ பிரியும். இரண்டு கணுவுக்கு அடுத்த மூன்றாவதில் எதிர்ப்பக்கம் வெறுமை. பச்சை இலைக்கு மட்டும் திரும்பும். இந்தத் தாளக்கட்டை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

சாற்றை ஏற்றுவது உயிருள்ள செல்களின் துடிப்பு என்று 1923இல் ஜகதீஸ் சந்திர போஸ் நூலே எழுதினார். அவர் மேல் பெருமதிப்பு உண்டு. இருந்தாலும் பந்தலடியில் நான், சாற்றை இலைகளே மேலே இழுக்கின்றன என்ற 1894இன் டிக்சன், ஜோலி பக்கம்: இலையை உருவிவிட்டால் சாயம் தயங்குகிறது. கவாத்து முடிந்து நீர் சொட்டும் கொடியிலோ, வேர் தள்ளும் வேகத்தில் சாயம் உள்ளேயே போகாது.

காயிலும் இதே கதைதான். பச்சைக்காயில் நரம்பெல்லாம் ஏறும் சாயம், நிறம் திரும்பியதும் காம்போடு நிற்கும். குழாய் அறுந்துபோகிறது என்றே வெகுகாலம் சொன்னார்கள். 2005இல் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழத்தின் நுனியை வெட்டித் திரி வைத்தார்கள். சாயம் உள்ளே வந்தது. குழாய் நன்றாகவே இருந்தது, இழுக்கத்தான் ஆளில்லை.

இப்போது கண்காட்சிகளில் மழுங்கிய கத்தரியால் காற்றில் வெட்டிய தண்டையும் செக்கச்சிவந்த கரைசலையும் பார்க்கும்போது மனம் நோகிறது. வெட்டில் புகுந்த காற்று வழியை அடைக்கும். அளவு மிஞ்சிய யுரேனின் தன் ஒளியைத் தானே விழுங்கும். எங்கள் தாவரவியல் வாத்தியார் தண்டைத் தண்ணீருக்குள்ளேயே புது பிளேடால் அறுப்பார். புளிப்பான சாற்றில் பச்சை மங்கினால், சீவலின் மேல் சமையல் சோடாக் கரைசல் ஒரு சொட்டு விடுவார். நிறம் எழுந்து வரும்.

பிள்ளைகளுக்குக் காட்டும் ஆசிரியர்களே, வெளிறிய மஞ்சள் கரைசலே போதும். சாயம் ஏறிய குலையை மட்டும் யாரும் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.