முதுமையை ஆக்கியது யார்?

மூப்பு இயற்கையின் நியதி என்பதில் ஐயமில்லை. ஆனால் மூத்தோரின் வறுமையும், பிறர் கையை எதிர்பார்த்திருக்கும் நிலையும் இயற்கை விதித்தவைதாமா? பிரித்தானியச் சமூகவியலாளர் பீற்றர் ரவுண்சென்ட் (1928–2009) தம் ஆய்வு வாழ்வில் மீண்டும் மீண்டும் திரும்பி வந்த வினா இது.

கிழக்கு லண்டனின் தொழிலாளர் பகுதியான பெத்னல் கிறீனில் 203 முதியவர்களைக் கண்டு உரையாடி அவர் எழுதிய 'முதியோரின் குடும்ப வாழ்க்கை' 1957 இல் வெளிவந்தது. தொழிலாளர் குடும்பம் சிதைந்துவிட்டது, பிள்ளைகள் பெற்றோரைக் கைவிட்டனர் என்ற நடுத்தர வர்க்கப் புலம்பலை அந்நூல் பொய்யாக்கிற்று. அயலில் வாழ்ந்த மகளும் பேரப்பிள்ளைகளும் கிழவியோடு நாளாந்தம் கொடுத்தும் வாங்கியும் வாழ்ந்தனர். அவள் உதவி பெறுபவள் மட்டுமல்லள், உதவுபவளுமாவாள். ஆண்களின் கதையோ வேறு. வேலையினின்று விலகிய ஆணுக்குக் கூலியோடு தோழரின் கூட்டும் வீட்டிலிருந்த மதிப்பும் போயின. நூலின் மிக உயிருள்ள பகுதி இதுவே என்பேன்.

இங்கிலாந்திலும் வேல்சிலும் 173 முதியோர் இல்லங்களை நேரிற் பார்த்து எழுதிய 'இறுதிப் புகலிடம்' 1962 இல் வந்தது. பழைய வறியோர் விடுதிகள் பல, பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு நிலைத்திருந்தமையை அது அம்பலப்படுத்திற்று.

இவற்றின் கோட்பாட்டு விளைவே 1981 ஆம் ஆண்டுக் கட்டுரை. கட்டாய இளைப்பாறல், அற்ப ஓய்வூதியம், இல்ல வாழ்வு ஆகியன முதியோரின் சார்புநிலையை ஆக்குகின்றன; அது சமூகக் கொள்கையின் படைப்பு என்றார். இக்கூற்று வலிமையானது. எனினும், ஆக்குவது யாருடைய நலனுக்காக என்ற வினா அங்கே கூர்மை பெறவில்லை. முதியோர் பெருக்கத்தின் செலவைக் கண்டு அஞ்சிய பிலிப்ஸ் குழு 1954 இல் ஓய்வூதிய வயதை ஆண்களுக்கு 68, பெண்களுக்கு 63 என உயர்த்த விதந்துரைத்தது. வேலையின்மை மிகுந்த 1977 இலோ, வேலையற்றோருக்கு இடம்விட்டு முன்னதாக விலகும் முதிய தொழிலாளருக்கு அரசே படி கொடுக்கத் தொடங்கியது. வேண்டும்போது அழைத்து, வேண்டாதபோது அனுப்பும் சேமப்படையாக முதியோர் இருந்தனர். கிறிஸ் பிலிப்சன் 1982 இல் எழுதிய நூலே முதலாளித்துவத்தின் பெயரைச் சொல்லி இதனை விளக்கியது. 1957 இல் நாம் கண்ட கொடுக்கும் கிழவியும் 1981 இன் கட்டுரையில் மங்கிப்போகிறாள். அவளுடைய அடுக்களைக்கு இளைப்பாறும் வயது ஏது?

கட்டாய இளைப்பாறலை அவர் கண்டித்ததை எடுத்துக்கொண்டு, "முதியோர் உழைக்கட்டும்" என்று இன்று கூறுவோர் அவருடைய மற்றொரு பணியை மறைத்துவிடுகின்றனர். அவரும் உறுப்பினராயிருந்த குழுவின் பிளக் அறிக்கை 1980 இல் வெளிவந்தது. உயர்தொழிலாளரை நோக்க, பயிற்சியற்ற தொழிலாளர் இளைப்பாறும் வயதை அடையுமுன் இறக்கும் வாய்ப்பு இரண்டரை மடங்கு என்றது அது. பிரித்தானியாவில் ஓய்வூதிய வயது 2020 இல் 66 ஆயிற்று. 2028 அளவில் 67 ஆகும். மூட்டை சுமந்தவனுக்கும் வங்கி அதிபருக்கும் அதே 67தான்.