மணற்கலமும் ஒரு நல்ல காவலரும்

குற்றப் புதினங்களைப் பயணத்துக்குரிய பொழுதுபோக்கு என ஒதுக்கிவைப்பது நம்மில் பலருக்கு வழக்கம். ஜப்பானிய எழுத்தாளர் செய்ச்சோ மட்சுமோட்டோவின் (1909-1992) ‘மணற்கலம்’ அவ்வழக்கத்தை அசைத்துவிடுகிறது. 1960-61இல் யோமியூரி நாளிதழில் தொடராக வந்த இப்புதினத்தை நாம் ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியே படித்தோம்.

டோக்கியோவின் கமாட்டா ரயில்வே யார்டில் முதியவர் ஒருவரின் சடலம் கிடக்கிறது. முந்தைய இரவு மதுக்கடையில் அவர் பேச்சில் காதில் விழுந்த ‘கமேடா’ என்ற சொல்லும், வடகிழக்கு வட்டார வழக்கின் சாயலுமே துப்பு. துப்பறிவாளர் இமானிஷி அகிட்டா வரை சென்று வெறுங்கையுடன் திரும்புகிறார். மேற்கே இஸுமோ வட்டாரத்திலும் அதனையொத்த பேச்சு உண்டென அறிந்தபின்னரே, வரைபடத்தில் ‘கமேடாகே’ என்னும் ஊர் அவர் கண்ணில் படுகிறது. வீரச்செயல் எதுவுமில்லை, ரயில் பயணம், கடிதம், காத்திருத்தல், இடையிடையே ஹைக்கூ. இப்பொறுமையே புதினத்தின் அழகு. (ஒலிக்கருவியால் கொல்லும் பின்பகுதி நம்பத்தக்கதாக இல்லை, ஆசிரியர் அதனைத் தவிர்த்திருக்கலாம்.)

இறந்தவர் முன்னாள் காவலர் மிக்கி. யாரும் குறைகூறாத நல்லவர். முன்பொருநாள், தொழுநோயுற்று மகனுடன் அலைந்த தந்தை ஒருவரை இல்லத்துக்கு அனுப்பி, சிறுவனைத் தம் காவலில் வைத்தவர். ஓடிப்போன அச்சிறுவன், ஒசாகாவில் குண்டுவீச்சில் பதிவேடுகள் எரிந்ததைப் பயன்படுத்திப் புதுப்பெயர் பூண்டு, புகழ்மிக்க இசையமைப்பாளன் ஆகிறான். அன்போடு தேடிவந்தவரையே அவன் கொல்கிறான்.

இங்கேதான் நாம் தயங்கி நின்றோம். மிக்கி செய்தது இரக்கச் செயல், சட்டத்துக்கும் உகந்தது. ஜப்பானில் 1931ஆம் ஆண்டுச் சட்டம் நோயாளர் அனைவரையும் பிரித்துவைக்க வழிசெய்தது. நோயைக் குணப்படுத்தும் மருந்து வந்த பின்னரும் 1996 வரை அக்கொள்கை நீடித்தது. 2001இல் குமமோட்டோ நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. 1889இலேயே அந்நாட்டில் தொழுநோயாளர்க்கு மருத்துவமனை நிறுவியவர் டெஸ்ட்விட் என்னும் பிரெஞ்சு மறைப்பணியாளர் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. ஆயினும் நற்செய்தியில் இயேசு தொழுநோயாளரைத் தொட்டார். தொட்டபின், குருவிடம் தம்மைக் காட்டுமாறு அவரை அனுப்பினார். மிக்கியின் இரக்கமோ தந்தையையும் மகனையும் பிரித்தது.

இதனை மட்சுமோட்டோ உணர்ந்திருந்தாரா? மகனின் அச்சத்தை நன்கறிந்தவர், தந்தைக்குக் குரலே தரவில்லை. அலைந்து திரிந்த நாள்களைச் சில பக்கங்களில் கடந்துவிடுகிறார். அதுவே இப்புதினத்தின் பெருங்குறை. 1974இல் யோஷிட்டாரோ நொமுரா இயக்கிய திரைப்படம் அக்குறையை நிறைவுசெய்கிறது. அதில் தந்தை உயிரோடிருக்கிறார். இமானிஷி காட்டும் மகனின் புகைப்படத்தைப் பார்த்து, இப்படி ஒருவரைத் தமக்குத் தெரியாது என்று கதறி அழுகிறார்.